கண்டிப் புகையிரதமும் சேர் கில்போர்ட் மோல்ஸ்வேர்த்தும்

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் புகையிரதத்தில் ஏறியவர்களுள், கடுகண்ணாவை தாண்டியதும் யன்னலால் எட்டிப் பாராதவர் மிகச் சிலரே. பேராதனை, பிலிமத்தலாவை என்று சாதுவாக ஓடிவந்த வண்டி, அவ்விடத்தில் மலையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு இறங்கத் தொடங்குகின்றது. ஒரு பக்கம் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற கற்பாறை. மறுபக்கம் அதல பாதாளத்தில் வயல்வெளிகள். அப்பால் பத்தலேகல மலை மேசைபோல் நிற்கின்றது. பரீட்சைக்கும், நேர்முகத்துக்கும், திருமண வீட்டுக்கும் நாம் எத்தனையோ முறை இவ்வழியாற் போய்வந்திருக்கின்றோம். ஆயினும் இப்பாதை அமைந்தபோது அதன் பிரதம எந்திரியாக இருந்தவர் யார் என்று நம்மை எவரேனும் கேட்டால் நாம் விழிக்கத்தான் வேண்டும். மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு இங்கிலாந்தின் ஸ்டீவன்சனைத் தெரியும். நம் வீட்டு வாசலில் வேலை செய்தவரைத் தெரியாது.

அவர் பெயர் கில்போர்ட் லின்சே மோல்ஸ்வேர்த். அவரைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உயர்ந்த அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர்கள், பின்னர் தனிப்பட்ட ஆலோசகர்களாகத் தொழில் நடத்துவது முறையா என்று நம் நண்பர் வட்டத்தில் ஒரு மாலை வாதம் எழுந்தது. "பொதுப் பணத்திற் கற்ற வித்தையைத் தன் பைக்கு விற்பது" என்றார் ஒருவர். "அறிந்தவன் வாய்மூடியிருப்பதால் எவருக்கு இலாபம்?" என்றார் இன்னொருவர். பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "முதலில் ஒரு உத்தியோகம் எடுங்கள் பிள்ளைகளே, இளைப்பாறுவதைப் பிறகு யோசிக்கலாம்" என்று கூட்டத்தை முடித்துவைத்தார். வாதம் அங்கே முடிந்தாலும் வினா நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடும்போதுதான் மோல்ஸ்வேர்த்தின் வாழ்க்கை நம் கைக்கு அகப்பட்டது.

அவர் 1828இல் இங்கிலாந்தின் ஹம்ஷயரிற் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ குருவானவர்; றொச்டேல் என்னும் ஊரின் குருபதி. பட்னியில் இருந்த எந்திரிகள் கல்லூரியிற் படித்த மகன், இருப்புப் பாதைகளிலும் மான்செஸ்டரில் பெயர்பேணின் தொழிற்சாலையிலும் பயிற்சி பெற்றார். கிரைமியா யுத்த காலத்தில் வுல்விச் ஆயுதசாலையிற் கட்டடங்களையும் இயந்திரங்களையும் அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. அது முடிந்ததும் அவர் செய்தது யாது? இலண்டனில் ஆலோசனை எந்திரியாகத் தனித்தொழில் தொடங்கினார். மரத்தை இயந்திரத்தால் அறுத்து இழைப்பது பற்றி எழுதிய கட்டுரைக்குக் குடிசார் எந்திரிகள் நிறுவகத்தின் பதக்கமும் பரிசும் பெற்றார். ஆகவே, ஆலோசகர் வேடம் அவர் முதுமையிற் புதிதாகப் புனைந்ததன்று. வாலிபத்திற் செய்த தொழில் அது. இடையிலே முப்பது ஆண்டுகள் அரசாங்கம் அவரை எடுத்துக்கொண்டது.

1859இல் அவர் இலங்கைக்கு வந்தார். வந்த வேளை நல்ல வேளையன்று. அதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

அக்காலத்தில் மலைநாட்டின் செல்வம் கோப்பி. கண்டியிற் சேர்ந்த கோப்பி மூடைகள் கரத்தையிலேறி, மாடுகள் நுரைதள்ளக் கொழும்பு போய்ச் சேர நாட்கணக்காகும். மழை பிடித்தால் வாரக்கணக்காகும். திரும்பி வரும் கரத்தையிலேதான் தோட்டத்துக்கு அரிசி வரவேண்டும். மாட்டு நோய் வந்த காலங்களில் ஏற்றுமதியும் நின்றது, அரிசியும் நின்றது. துரைமார் புகையிரதம் வேண்டுமென்று குரலெழுப்பியதில் வியப்பில்லை. 1845இலேயே இலங்கைப் புகையிரதக் கம்பனி ஒன்று தோன்றிற்று. கப்டன் மூர்சம் என்பவர் வந்து பாதைகளை அளந்து, கொழும்பிலிருந்து கண்டிக்கு 8,56,557 பவுண் செலவாகும் என்றார். 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி விழா எடுத்தார்.

விழா முடிந்தபின் வந்தது உண்மைக் கணக்கு. கம்பனியின் பிரதம எந்திரி டொயின் என்பவர் மலையை நன்றாக ஆராய்ந்துவிட்டு, 22,14,000 பவுண் வேண்டும் என்று எழுதினார்! மூர்சம் சொன்னதைவிட இரண்டரை மடங்கு. எட்டரை இலட்சத்துக்கு மகிழ்ந்து தலையாட்டியவர்கள் இருபத்திரண்டு இலட்சத்தைக் கேட்டதும் திகைத்தார்கள். கம்பனியின் ஒப்பந்தம் முறிந்தது. அரசாங்கமே வேலையை ஏற்றுக்கொண்டது. அந்தக் குழப்பத்தின் நடுவில், 1862இல், மோல்ஸ்வேர்த் அரசாங்கப் புகையிரதப் பகுதியின் பிரதம எந்திரியானார். அப்பொழுது அவருக்கு வயது 34.

இங்கே நாம் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். இரண்டு மதிப்பீடுகளில் ஒன்று மிகக் குறைவு, மற்றது கேட்போரை அஞ்சவைப்பது. இவற்றின் நடுவே வந்தவர் புதிதாக ஒரு இனிப்பான எண்ணைச் சொல்லி நற்பெயர் வாங்கியிருக்கலாம். முடிவில் 75 மைல் பாதைக்குச் சென்ற பணம் ஏறத்தாழ 17 இலட்சம் பவுண். மூர்சத்தின் கணக்குப் போல் இரண்டு மடங்கு. டொயினின் கணக்குக்குக் கீழே. திருக்குறளிலே "தெரிந்து செயல்வகை" என்று ஓர் அதிகாரம் இருக்கின்றது. வரவு செலவை முன்கூட்டி எண்ணாமல் தொடங்கும் காரியத்தைப் பற்றி அங்கே வள்ளுவர் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு மூர்சத்தின் நினைவு வருகின்றது. பாவம், அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை.

1863இல் கொந்தராத்து பேவியல் என்பவருக்குக் கொடுபட்டது. பம்பாயிலிருந்து தானாவுக்கு இந்தியாவின் முதற் பயணிப் பாதையை அமைத்த கொந்தராத்துக்காரர் இவரே. 1864 டிசம்பர் 27ஆம் நாள் முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடிற்று. அதில் ஏறிவந்த பிரமுகர் பெல்ஜிய நாட்டு இளவரசர். பின்னர் இரண்டாம் லியோபோல்ட் மன்னராகிக் கொங்கோ நாட்டு மக்களைப் படாத பாடு படுத்தியவர் அவர்தாம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். கதையில் அவர் ஊர் மீண்டும் வரும். 1865 ஒக்டோபரிற் பொதுமக்கள் போக்குவரத்துத் தொடங்கியது.

சமநிலம் வரை வேலை இலகு. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரைதான் சோதனை. ஏறக்குறைய 12 மைல் தூரம் விடாமல் ஏறவேண்டும். 45 அடி ஓடினால் ஓர் அடி உயரவேண்டும் என்பது சரிவின் அளவு. நாமே பென்சில் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம்: 12 மைலுக்கு 63,360 அடி, அதை 45ஆற் பிரித்தால் 1,408 அடி. உண்மையில் மலையேற்றமும் ஏறத்தாழ 1,400 அடிதான். காகிதத்தில் இது ஒரு நிமிட வேலை. அலகல்ல மலையின் செங்குத்துப் பாறையிலே அதை வெட்டி எடுப்பது வேறு வேலை. பாதை எங்கும் ஒரே சரிவாக அமையவேண்டும். ஓரிடத்திற் சற்றுச் செங்குத்தானாலும் எஞ்சின் திணறி நின்றுவிடும். அதற்காக மலையின் மடிப்புக்களையெல்லாம் சுற்றிச் சுற்றி, வேண்டிய இடத்திற் சுரங்கம் குடைந்து, ஓடைகளுக்குப் பாலமிட்டுச் செல்லவேண்டியிருந்தது. போர்த்துக்கேயப் படைகள் ஏறமுடியாமல் இடறி விழுந்த பலனைக் கணவாய் இதுவே. கண்டியரசர் காவல் வைத்த அதே இடத்தில் இன்று பலனை என்று ஒரு சிறு நிலையம் இருக்கின்றது. முன்னொரு எஞ்சினும் பின்னொரு எஞ்சினுமாக வண்டிகளைத் தள்ளியேற்றும் காட்சியை நம் பாட்டன்மார் கண்டிருக்கின்றனர். தோட்டத்துப் பாட்டிமார் இன்றும் "கோச்சி" என்றே சொல்கின்றார்கள். "கோச்சி மலையேறும்போது மூச்சுவாங்கும்" என்பது அவர்கள் வாக்கு.

இப்பாறையை உடைத்தவர் யார்? கடலைத் தாண்டித் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள் அவர்களுட் பெருந்தொகையினர். மலையடிவாரத்துக் காய்ச்சல் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டது. இரும்பு இத்தனை, வெடிமருந்து இத்தனை, மரக்கட்டை இத்தனை என்று நிரல் போட்ட மதிப்பீட்டுத் தாள்களிலே உயிருக்கு நிரல் கிடையாது. மூர்சமும் அதை எழுதவில்லை, டொயினும் எழுதவில்லை. நம் மோல்ஸ்வேர்த்தையும் இவ்வகையில் நாம் விலக்கி வைக்க இயலாது. கடுகண்ணாவைக் கணவாயிலே கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுந்த உயர்ந்த கோபுரம் நிற்கின்றது. அதன் அடியில் நின்று பார்க்கும் எவருக்கும், கல் சுமந்தவர்களின் பெயர் எங்கே என்ற எண்ணம் வராமற் போகாது.

1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் மேஜர் தோமஸ் ஸ்கின்னர் இளைப்பாறினார். பதினாறு வயதிற் படையில் இருந்தபடியே கண்டி வீதி வேலைக்கு அனுப்பப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு இலங்கையின் வீதிகளை வகுத்த பெரியார் அவர். அவர் நீங்கிய ஆண்டிலேயே பகிரங்க வேலைப் பகுதியின் பணிப்பாளராக மோல்ஸ்வேர்த் நியமனம் பெற்றார். வீதியின் காலம் முடிந்து இருப்புப் பாதையின் காலம் தொடங்கியதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நியமனம் வேறில்லை.

இனி ஒரு வேடிக்கை. கோப்பிக்காகவே, கோப்பி ஏற்றுமதி வரியைக்கொண்டே அமைந்த பாதை இது. பாதை கண்டியை அடைந்து இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலைகளில் மஞ்சட் புள்ளி விழுந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கிடையில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரையில், புகையிரதம் வந்த அதே 1867இல், 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். பெட்டிகளிற் கோப்பிக்குப் பதில் தேயிலை ஏறிற்று. தண்டவாளம் அதே தண்டவாளம். எந்த மதிப்பீட்டுக்காரரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. கணக்கு எவ்வளவு கூர்மையாயிருந்தாலும் இலைப்புள்ளியை எண்ண அதனால் முடியாது.

இலங்கையில் வேலை செய்த அந்த ஆண்டுகளிலேதான் மோல்ஸ்வேர்த் தம் சிறு நூலை வெளியிட்டார். எந்திரிகளுக்கு வேண்டிய சூத்திரங்களும் அட்டவணைகளும் அடங்கிய, சட்டைப்பையில் வைக்கத்தக்க கைந்நூல். பாலத்தின் பாரம், நீரின் வேகம், தண்டவாளத்தின் வளைவு, அணையின் பருமன், எது வேண்டுமானாலும் ஏட்டைப் புரட்டினால் விடை. இருபதுக்கு மேற்பட்ட பதிப்புக்கள் வந்தன. மூன்று தலைமுறை எந்திரிகள் "மோல்ஸ்வேர்த்" என்றால் ஒரு மனிதரென்று எண்ணாமல் ஒரு புத்தகமென்றே எண்ணினார்கள். நம் வாதத்துக்கு இது பெரிதும் வேண்டிய சாட்சி. ஆலோசகன் தன் வித்தையை ஒளித்துவைத்துத் துளித்துளியாக விற்பவன் என்பது குற்றச்சாட்டு. இவரோ உத்தியோகத்தில் இருக்கும்போதே தாம் அறிந்ததை அச்சிற் பதித்து எவரும் வாங்கும்படி செய்துவிட்டார். அதன்பின்னும் அவரைத் தேடி வந்தார்களென்றால், சூத்திரத்துக்காக வந்திருக்க முடியாது. அது கடையிற் கிடைத்தது. எந்த மலைக்கு எந்தச் சூத்திரம் என்று தீர்மானிக்கும் புத்திக்காகவே வந்திருக்கவேண்டும்.

1871இல் இந்திய அரசாங்கம் அவரை அரச புகையிரதங்களின் ஆலோசனை எந்திரியாக அழைத்தது. அப்பொழுது இந்தியாவில் "அகலச் சண்டை" உச்சத்தில் இருந்தது. டல்ஹௌசி பிரபு காலத்தில் 5 அடி 6 அங்குல அகலம் வகுக்கப்பட்டிருந்தது. நம் கண்டிப் பாதையும் அதே அகலந்தான். 1870இல் மேயோ பிரபுவின் அரசாங்கம், சிக்கனம் கருதி, புதிய பாதைகளுக்கு ஒரு மீற்றர் அகலம் போதுமென்று முடிவுசெய்தது. ஒரு மைலுக்கு மிச்சமாகும் பணம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு அகலங்களும் சந்திக்கும் நிலையந்தோறும் மூடைகளை இறக்கி ஏற்றும் செலவு கண்ணுக்குத் தெரியவில்லை. இம்முடிவின் பலனை இந்தியா ஒரு நூற்றாண்டுக்கு மேல் அனுபவித்தது. 1992இல் எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கும் திட்டத்தைத் தொடங்கி, மீற்றர் பாதைகளைப் பெயர்த்து அகலப் பாதைகளாக்கினார்கள். நம்மவர்க்கும் இதிற் பங்குண்டு. 1914 முதல் தனுஷ்கோடி வரை மீற்றர் வண்டியில் வந்து, கப்பலேறி, தலைமன்னாரில் அகல வண்டியில் ஏறிக் கண்டிச் சீமைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி இருந்தது. இலங்கையிலும் களனிப் பள்ளத்தாக்கிலே குறுகிய பாதை போட்டு, 1990களில் அதை அகலமாக்கினார்கள். நானு ஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குப் போன குறுகிய பாதையோ 1940களில் மூடப்பட்டே போயிற்று. மலைப்பாதையின் தலைவரி மட்டும் நாவலப்பிட்டிக்கு 1874இலும், நானு ஓயாவுக்கு 1885இலும், கண்டிப் பாதையின் அகலத்திலேயே சென்றது.

இந்தியாவிலே அவர் பதினெட்டு ஆண்டு இருந்தார். வங்காளத்தில் இரும்பு உருக்குவது பற்றியும், கல் அணைகளின் வடிவம் பற்றியும் எழுதினார். ஆப்கானியப் போர்ப் பதக்கமும், 1888இல் சேர் பட்டமும் வந்தன. 1889இல் இளைப்பாறி இங்கிலாந்து போனார். வயது 61. உபகாரச் சம்பளத்தோடு ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கத் தக்க வயது.

அவர் வெள்ளியைப் பற்றி எழுத ஆரம்பித்தார்! அக்காலத்தில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை ஆண்டுக்காண்டு விழுந்துகொண்டிருந்தது. அதனோடு வெள்ளி ரூபாயும் விழுந்தது. இலங்கையிலும் 1872 முதல் ரூபாயும் சதமுமே நாணயம். ஆதலால் இது நம் சந்தைக்கும் வந்த துன்பம். பொன்னும் வெள்ளியும் ஒரு நிலையான வீதத்தில் இரண்டும் நாணயமாக நிற்கவேண்டும் என்பது மோல்ஸ்வேர்த்தின் கட்சி. இலண்டன் பணமுதலாளிகள் பொன்னை மட்டும் நம்பினர். 1892இல் புரூசெல்ஸ் நகரில் நடந்த சர்வதேச நாணய மகாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராக இவரை அனுப்பினார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அம்பேபுஸ்ஸைக்கு வண்டியேறிய இளவரசர் அப்பொழுது அந்நகரிலே அரசர். மகாநாடு ஒரு முடிவும் இல்லாமற் கலைந்தது. மறு ஆண்டே இந்தியாவின் நாணயசாலைகள், எவரும் வெள்ளி கொண்டுவந்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமையை மூடிவிட்டன. மோல்ஸ்வேர்த் தோற்றார். பிற்காலத்திலும் கட்டற்ற வாணிபக் கொள்கைக்கு எதிராக நூல்கள் எழுதினார். இங்கிலாந்தின் பெரும்பான்மையோர் அதை அன்று விரும்பவில்லை. அவருடைய பொருளாதாரம் சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி போதாது. ஆனால், கேட்பவர் விரும்பும் சொல்லை விற்றுப் பிழைக்க எண்ணிய ஒருவர், இத்தனை வயதில் தோற்கும் கட்சியையே திரும்பத் திரும்ப எடுத்திருப்பாரா?

அவருக்கு இன்னுமொரு மலைப்பாதை காத்திருந்தது. கிழக்கு ஆபிரிக்காவில் மொம்பாசாத் துறையிலிருந்து விக்டோரியா ஏரிக்கு உகண்டாப் புகையிரதத்தை 1896இல் தொடங்கியிருந்தார்கள். பாராளுமன்றம் ஒதுக்கிய தொகை 30 இலட்சம் பவுண். செலவோ அதை மீறி ஓடிற்று. 1899இல் பிரித்தானிய வெளிநாட்டமைச்சு, வேலையை நேரிற் பார்த்து அறிக்கை தரும்படி, பத்து ஆண்டுகளுக்கு முன் இளைப்பாறிவிட்ட மோல்ஸ்வேர்த்தை அனுப்பியது. எழுபது வயது கடந்தவர். முந்திய ஆண்டிலே சாவோ ஆற்றங்கரையில் சிங்கங்கள் கூடாரம் புகுந்து வேலையாட்களை இழுத்துச் சென்ற அதே பாதை. போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். அங்கும் பாறையை உடைத்தவர்கள் கடல்கடந்து வந்தவர்களே: இந்தியாவிலிருந்து சென்ற ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 32,000 பேர், மாண்டவர் ஏறத்தாழ 2,500 பேர். 1901இற் பாதை ஏரியை அடைந்தபோது செலவு 50 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. றம்புக்கணை அடிவாரத்திலே மூர்சத்தின் கணக்கும் டொயினின் கணக்கும் மோதிய நாட்களை அந்தக் கிழவர் அங்கே நினைத்திருக்க மாட்டாரா?

நம் வட்டத்தின் வாதத்துக்கு இனி வருவோம். இளைப்பாறிய உத்தியோகத்தர் எல்லோரும் மோல்ஸ்வேர்த் அல்லர் என்று அன்று எதிர்க்கட்சி பேசிய நண்பர் இதை வாசித்தபின்னும் சொல்கின்றார். அதை நாம் மறுக்கவில்லை. நேற்று வரை எந்தக் கம்பனியின் விண்ணப்பத்தைப் பரிசீலித்தாரோ, அதே கம்பனியின் அறையில் இன்று ஆலோசகராக அமர்பவரும் உலகில் உண்டு. அவர் விற்பது அறிவையன்று, பழைய கந்தோரில் இன்னும் தமக்கு எழுந்து நிற்கும் எழுதுவினைஞரின் மரியாதையை. கந்தோர் மாறினால் அச்சரக்குக்கு விலையில்லை. மோல்ஸ்வேர்த்தின் சரக்கு கடுகண்ணாவையிலும் சாவோவிலும் ஒரே விலைக்குப் போயிற்று. இதற்குமேல் நண்பரும் நாமும் உடன்படவில்லை. அடுத்த கூட்டத்தில் மீண்டும் பேசுவோம்.

1904இல் குடிசார் எந்திரிகள் நிறுவகம் அவரைத் தலைவராகத் தெரிந்தது. அப்போது வயது 76. பதக்கம் பெற்ற வாலிபர் அதே சபையில் தலைமை நாற்காலியில் அமர ஏறத்தாழ 46 ஆண்டு சென்றிருந்தது. கண்டியிலிருந்து புறப்பட்ட மலைப்பாதை, அட்டன், நானு ஓயா, அப்புத்தளை என்று ஒவ்வொன்றாக ஏறி, 1924இல் பதுளையை அடைந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், இங்கிலாந்தின் பெக்ஸ்லி என்னும் ஊரிலே, 96ஆம் வயதில் மோல்ஸ்வேர்த் காலமானார். கடுகண்ணாவை நிலையத்தருகே 2014 முதல் புகையிரத நூதனசாலை ஒன்று இருக்கின்றது. பழைய எஞ்சின்கள் அங்கே நிற்கின்றன. கண்டியிலிருந்து அரை மணி நேரப் பயணம். விடுமுறையில் நம் இளைஞர் சிலர் சேர்ந்து போவதாக இருக்கின்றோம். பெரியவர்களும் வரலாம்.